வடகத்துக்கு உறுதி

மருதனார்மடம்
12 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கு எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது போன வருடமும் சுகமில்லை, அதனால் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் சீனி வருத்தமும் மச்சாளின் இடுப்பு நோவும் எப்படி என்று எழுதுங்கள்.

இதைப் போனில் கதைக்காமல் கடிதமாக எழுதி மின்னஞ்சலில் அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. குடும்பக் குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் பதினொரு நாட்டுக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கு எடுத்தாலோ மச்சாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பா. நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ரொறன்ரோவில் இருந்து ஒரு லோயரின் கடிதம் வந்தது. ‘வடகம் இன்ரநஷனல்’ என்று ஒரு கொம்பனியாம். ‘வடகம்’ என்ற சொல் அவர்களுடைய பதிவு செய்யப்பட்ட வர்த்தகக் குறியாம். நான் இன்ரநெற்றில் வைத்திருக்கும் ‘வடகம் டொட் கொம்’ என்ற முகவரியைப் பதினாலு நாளுக்குள் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வழக்காம். கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எங்கேயாவது ஒரு மூலையில் ‘இது பகிடி’ என்று போட்டிருக்கும் என்று தேடினேன். போடவில்லை.

வடகம் அண்ணை! உழுந்தும் வேப்பம்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, பாயில் காயவைத்துப் பொரித்துத் தின்கிற வடகம்! அதற்கு ஒருவன் சொந்தக்காரனாம்!

2004இல் நான் சந்தியடிக் கொமினிகேசனில், அந்த ரெலிபோன், இன்ரநெற் கடையில், வேலை செய்தபோது என் முதல் சம்பளத்தில் எடுத்த பெயர் அது. ‘உவளுக்கு விசர், நகை எடுக்காமல் பெயர் எடுக்கிறாள்’ என்று ஊரே சிரித்தது. இன்றைக்கு எங்கள் வடகத்துக்கு எல்லா ஓடரும் அந்த முகவரியால்தான் வருகிறது. அது போனால் என்னோடு வேலை செய்யும் ஆறு பெண்களின் அடுப்பும் அணைந்துபோகும்.

கொம்பனியின் விலாசம் உங்கள் பக்கம்தான். கொம்பியூற்றரில் வரைபடத்தைப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வீட்டில் இருந்து நடந்துபோனால் நாலு நிமிடம். ஒருக்கால் போய், அவர்கள் ஆர், எவர் என்று பார்த்து எழுதுங்கள்.

மறுமொழிக்குக் காத்திருக்கும் தங்கச்சி,
கேதீஸ்வரி


ஸ்காபரோ
9 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி கேதீஸ்,

உன் கடிதம் கிடைத்தது. மறுமொழி பிந்தியதற்குக் குறை நினைக்காதே. இங்கு இந்த வருடப் பனி சொல்லி மாளாது. என் கழுத்தில் ஒரு பிடிப்பு வந்து, பத்து நாளாக இடப்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சீனி கட்டுப்பாட்டில். மச்சாளின் இடுப்பு அப்படியே. அவளுடைய தம்பி ஜெயரூபன் ஒரு விசேட மெத்தை வாங்கிக் கொடுத்தார், அதில் இப்போது நான்தான் படுக்கிறேன். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசு. சைக்கிள் ஓடாதே. மழை எப்படி? வெங்காயம் என்ன மாதிரி?

நீ எழுதிய அந்த விசயம் பற்றி. இப்படியான ஆட்களோடு மல்லுக்கட்டுவது உனக்குத் தேவையோ என்று யோசிக்கிறேன். பேசாமல் பெயரை மாற்றிவிடேன். ‘கேதீஸ் உணவகம்’ என்று வைத்தால் எவ்வளவு லட்சணமாக இருக்கும். பெயரை மாற்றினால் வடகம் கசக்கவா போகிறது? அது ஏற்கனவே கசப்புத்தானே.

போய்ப் பார்க்கச் சொன்னாய். வரைபடம் சொல்கிற நாலு நிமிடம் கோடைகாலத்துக்கு உரியது. பனியில் அதே தூரம் வேறு தூரம்.

வேறு புதினம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணை,
சோமசேகரம்


மருதனார்மடம்
11 மார்ச் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்பும் என்று நம்புகிறேன். நல்லெண்ணெய் பூசினேன். முழங்கால் மணக்கிறது, நோவு போகவில்லை.

பதினாலு நாள் தவணை முடிந்தாலும் நான் பெயரை மாற்றமாட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘கேதீஸ் உணவகம்’ என்றால் சனம் சோறு கேட்டு வரும்.

நேற்று மல்லாகத்துக்குப் போய் லோயர் அடைக்கலநாதனைக் கண்டேன். முப்பது வருடமாகக் காணி வழக்கு மட்டுமே பேசுகிறவர். கடிதத்தை வாங்கி ஒரு பக்கம் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, “எத்தினை பரப்பு?” என்று கேட்டார்.

“காணி இல்லை ஐயா, இன்ரநெற் முகவரி.”

“முகவரி எண்டால் நிலம் இருக்கத்தானே வேணும்? வடக்கெல்லை ஆர்?”

“எல்லை இல்லை ஐயா. உலகம் முழுக்கத் தெரியும்.”

“அப்ப பெரிய காணி,” என்று எழுதிக்கொண்டார்.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. ஆனால் கடைசியில் மனிசன் விசயத்துக்கு வந்தார். “எத்தினை வருசமா ஆளுறியள்?” என்றார். இருபது வருடம் என்றேன். 2004ஆம் ஆண்டு பற்றுச்சீட்டைக் காட்டினேன். “காணிப் பத்திரம் மாதிரி, இதுதான் உன்ரை உறுதி,” என்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அவங்கள் எப்ப பதிஞ்சவங்கள்?” 2021 என்றேன். “பின்னை என்ன பிள்ளை? பின்னாலை வந்தவன் முன்னாலை இருக்கிறவளை எழும்பு எண்டு சொல்லேலாது. ஆனால் ஒண்டு, உனக்கு முன்னமே தாங்கள் இந்தப் பேரிலை யாவாரம் செய்ததெண்டு ஏதும் பழைய சாமானைக் கொண்டுவந்து காட்டினாங்கள் எண்டால் கவனம்.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ரொறன்ரோவில் இருக்கிற ஒரு கொம்பனியிடம் 2004க்கு முந்திய வடகம் எங்கே இருக்கப்போகிறது?

பனி கரைந்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். போய்ப் பாருங்கள் அண்ணை. எனக்கு அங்கே உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?

தங்கச்சி,
கேதீஸ்வரி


ஸ்காபரோ
2 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சி,

கழுத்து குணம். இப்போது வலப்பக்கமும் தெரிகிறது. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். வேப்பமரம் பூத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் சொல்லைத் தட்ட மனமில்லாமல் அந்த இடத்துக்குப் போனேன். தலைவர் இல்லை. உபதலைவரைத்தான் சந்தித்தேன். நீ நினைக்கிற மாதிரிக் கள்ளர் காடையர் இல்லை. நல்ல மனிசர். வயதுக்கு மயிர் கொட்டவில்லை. வாயில் இருந்து ஒரு கூடாத சொல் வராது. தனக்கும் ஊரில் சகோதரம் இருக்கிறது என்றும், இந்த விசயம் இவ்வளவு தூரம் போகும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது முகம் வாடித்தான் இருந்தது.

ஆனால் கொம்பனி என்பது ஒருவர் இல்லையே. தலைவர் முடிவெடுத்தால் உபதலைவர் என்ன செய்வது? வழக்குப் போடத்தான் போகிறார்களாம். அதற்கு முன்னம் நீ விட்டுக்கொடுத்தால் உனக்கு மரியாதை, அவர்களுக்கும் மரியாதை. அண்ணை சொல்கிறேன், கேள்.

அந்த உபதலைவரில் கோபப்படாதே. பாவம் அவர்.

அன்புடன்,
சோமசேகரம்


மருதனார்மடம்
24 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். முழங்காலை மறந்துவிட்டேன், அதைவிடப் பெரிய நோவு வந்திருக்கிறது.

முந்தநாள் முறைப்பாடு வந்தது. ஐரோப்பாவில் இப்படியான பெயர்ச் சண்டைகளைத் தீர்க்கிற ஒரு நடுவர் மன்றம் இருக்கிறதாம், அங்கே போட்டிருக்கிறார்கள். அறுபத்துமூன்று பக்கம். மே பன்னிரண்டாம் திகதிக்குள் நான் மறுமொழி கொடுக்காவிட்டால் நடுவர் அவர்கள் சொன்னதை மட்டும் வைத்தே முடிவெடுக்கலாம்.

முதற் பக்கத்தில் கொம்பனித் தலைவர் சத்தியம் செய்து கையெழுத்து வைத்திருக்கிறார். ‘வடகம்’ என்பது எந்த மொழியிலும் பொருள் இல்லாத சொல்லாம். தாங்களே இருந்து யோசித்து உண்டாக்கினார்களாம். தலைவரின் பெயர் ஜே. ரூபன் என்று போட்டிருக்கிறது. மச்சாளின் தம்பிக்கும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். ஆனால் ஜெயரூபன் எங்கள் வீட்டுக் குசினியில் வடகத்துக்காகத் தட்டோடு நின்ற பிள்ளை, அவர் இப்படிச் சத்தியம் செய்யமாட்டார். இது வேறு ஆராவது பாவியாக இருக்கும்.

இனித்தான் விசயம். தாங்கள் 2002ஆம் ஆண்டிலிருந்தே, அதாவது நான் பெயர் எடுக்க இரண்டு வருடத்துக்கு முன்பிருந்தே, இந்தப் பெயரில் வியாபாரம் செய்வதாகச் சொல்கிறார்கள். அதற்குச் சாட்சியாக ஒரு படம் வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய பால்மாப் பேணி. அதில் நீல மையில் ஆங்கிலத்தில் ‘வடகம்’ என்று எழுதி, பக்கத்தில் 2002 என்று போட்டிருக்கிறது.

அந்தப் பேணியை எனக்குத் தெரியும் அண்ணை. சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த வருடம், கனடா போன யாகோப்பு மாஸ்ரரிடம் நான் கொடுத்துவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உடைத்துக் கொட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் என் கையாலேயே எழுதினேன். முதல் வரி ‘வடகம், 2002’. இரண்டாவது வரி ‘வீட்டில் செய்தது, விற்பனைக்கு அல்ல’. பேணியின் அடியில் என் பெயரையும், ஆருக்குப் போகிறதோ அவர் பெயரையும் எழுதினேன்.

படத்தில் அந்த இரண்டாவது வரி தெரியவில்லை. அதன் மேல் ஒரு பெருவிரல் இருக்கிறது.

அந்த விரலை நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் நடுவாலே பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கிறது. சின்ன வயதில் கிணற்றுக் கப்பிக்குள் விரலைக் கொடுத்துவிட்டு ஊர் கூடும்படி அழுத ஒருவருடைய விரல் போல. பாவம், ஆர் பெற்ற பிள்ளையோ.

நீங்கள் அந்த உபதலைவரைக் கண்டு கதைத்தவர்தானே. நல்ல மனிசர் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்: விரலை எடுத்துவிட்டு ஒரு படம், பேணியைக் கவிழ்த்து ஒரு படம். இரண்டே படம். அந்தப் பேணி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கேதீஸ்வரி


மருதனார்மடம்
3 மே 2024

அண்ணைக்கு,

சுகம் கேட்டு எழுதுகிறேன். உங்களிடம் இருந்து ஒன்றும் வரவில்லை.

ஒன்பது நாள் இருக்கிறது. லோயர் அடைக்கலநாதன் இன்னொரு வழி சொல்கிறார். நீங்கள் கனடா போன நாளில் இருந்து எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கடிதத்துக்குக் கடிதம் வடகம்தான். ‘தங்கச்சி, வடகம் முடிஞ்சுபோச்சு, சோறு இறங்குதில்லை’ என்று ஒன்று. குளிருக்குள் தனி அறையில் இருந்து, பேணியைத் திறந்து மணந்துபார்த்து அழுதேன் என்று ஒன்று. இதை மொழிபெயர்த்து அனுப்பினால் ‘பொருளில்லாத சொல்’ என்கிற கதை அதோடு சரி என்கிறார்.

அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் தனிய இருந்து அழுததை வெள்ளைக்காரன் வாசிக்க வேண்டுமா? அது எனக்கு எழுதினது.

ஆனால் பதினோராம் திகதி வரைதான் பொறுப்பேன். இங்கே ஆறு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கினம்.

கேதீஸ்


ஸ்காபரோ
10 மே 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகமாக இல்லை. நீ சுகமா என்று கேட்கிற தகுதியும் இப்போது எனக்கு இல்லை.

அந்த விரல் என்னுடையது. உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். உன் கடிதத்தைக் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு இருந்து வாசித்தேன். ‘ஆர் பெற்ற பிள்ளையோ’ என்ற இடத்தில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மச்சாள் கதவைத் தட்டி, “என்ன, வயித்தாலை போகுதோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

உபதலைவரும் நான்தான். இருபத்தேழு வருடம் குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன் கேதீஸ். அங்கே என்னை ஒருவனும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘சாம்’ என்பார்கள். போன வருடம் ஜெயரூபன் வந்து, “அத்தான், நீங்கள் வைஸ் பிரசிடென்ற்,” என்று ஒரு பெட்டி விசிற்றிங் கார்ட் அடித்துத் தந்தான். அதில் ‘கதிரவேலு சோமசேகரம்’ என்று முழுசாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. பழைய சாமான் ஏதும் இருக்கா என்று கேட்டான். நிலவறையில் திருகாணி போட்டு வைத்திருந்த உன் பேணியை எடுத்துக் கொடுத்தேன். “ரெண்டாவது வரி வேண்டாம் அத்தான், கையாலை பொத்துங்கோ,” என்றான். பொத்தினேன். உன் முகவரியைப் பிடுங்கப்போகிறார்கள் என்று பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதுதான் நான் செய்த பெரிய பிழை.

உண்மையை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று நேற்று வீட்டில் சொன்னேன். ஜெயரூபன், “உங்களுக்கென்ன விசரே?” என்று கத்தினான். மச்சாள் நடுவில் வந்து நின்று, “உங்களுக்கு என்ரை தம்பியோ, உங்கடை தங்கச்சியோ?” என்று கேட்டாள். “உதயகலா, அந்த வடகத்தை முப்பது வருசமா நீயும்தானே தின்னுறாய், அதுக்கு என்ன பேர் எண்டு நீயே சொல்லன்,” என்றேன். அவள் குசினி விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். சமையலும் செய்யவில்லை.

இதோடு நாலு படம் இருக்கிறது. விரல் இல்லை. கவிழ்த்த படத்தில் உன் பெயரும் என் பெயரும் வடிவாகத் தெரிகிறது. இன்னொரு தாளும் இருக்கிறது. சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்துகிற அலுவலரிடம் போய்க் கையெழுத்து வைத்தது. ‘இந்தப் பேணி என் தங்கை எனக்கு அனுப்பியது. நான் இதை விற்கவில்லை, தின்றேன். வடகம் என்ற சொல்லை நாங்கள் உண்டாக்கவில்லை. எனக்குக் கதைக்கத் தெரிய முன்னமே அது இருந்தது.’ இவ்வளவுதான் எழுதினேன். அலுவலர் வாசித்துவிட்டு, வடகம் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். உன் முகவரியைக் கொடுத்தேன்.

என்னை மன்னி.

சோமண்ணை


மருதனார்மடம்
28 யூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலம்! முழங்காலும் நலம்! நீங்களும் மச்சாளும் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டு ஆறுதல்.

தீர்ப்பு வந்துவிட்டது. முகவரி எனக்குத்தான்! நடுவர் டென்மார்க்கில் இருக்கிற ஒரு அம்மா. வடகத்தைக் கண்ணால் கண்டிருக்கமாட்டா. ஆனால் என்ன விளக்கம்! வடகம் என்பது வடகத்தின் பெயர், அதை விற்கிறவள் அதைச் சொல்லித்தான் விற்பாள், அந்தச் சொல்லைத் தனக்கு மட்டும் என்று எவரும் வேலி அடைக்க முடியாது, எவரும் பாவிக்கலாம் என்று எழுதியிருக்கிறா. ‘முறைப்பாட்டாளர் சாட்சியத்தின் ஒரு பகுதியை விரலால் மறைத்தது வருந்தத்தக்கது’ என்று ஒரு தனி வரி. லோயர் அடைக்கலநாதன் அதை எனக்கு மூன்று தரம் சத்தமாக வாசித்துக் காட்டினார். வேலி என்ற சொல் வந்ததில் அவருக்குப் பெரிய சந்தோசம். “நான் முதலிலேயே சொன்னனான், இது எல்லை வழக்கு,” என்கிறார்.

ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினேன். தீர்ப்பை இருபது பிரதி எடுத்தேன். எங்கள் ஆறு பேருக்கும் கொடுத்தேன், பிறகு வாழ்த்த வந்தவை எல்லோருக்கும் கொடுத்தேன். சுன்னாகம் சந்தையில் வெங்காயக்காரனுக்கும் ஒன்று.

உங்களில் கோபம் இருக்கிறது அண்ணை. பொய் சொல்லமாட்டேன். பேணிக்குள் திருகாணி போட்டு வைத்ததுதான் கூடக் கோபம். ஒரு விசயம் மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. எல்லோரும் தின்கிற ஒரு சாமானின் பெயரை ‘இது என்ரை’ என்று சொல்லக் கூச்சம் வராதா? எப்படி மனம் வந்தது?

உண்மையாகத்தான் கேட்கிறேன்.

தங்கச்சி,
கேதீஸ்வரி


மருதனார்மடம்
2 ஓகஸ்ட் 2024

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. அவசரம்.

உடுப்பிட்டிக் கமலாவதி என்று ஒருத்தி. என்னிடம் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு, மகளின் கலியாணத்தோடு ஊருக்குப் போனவள். தீர்ப்பு வந்தபோது வாழைக்குலையோடு வந்து கட்டிப்பிடித்து அழுதாள். இன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் எடுத்து, “அக்கா, உங்கடை புதுப் பக்கம் நல்ல வடிவு,” என்றார். எனக்கு எங்கே புதுப் பக்கம்? போய்ப் பார்க்கிறேன், ‘வடகம் டொட் எல்கே’! கமலாவதியின் படம், கையில் சுளகு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு!

உடனே எடுத்தேன். “கமலா, இதென்ன வேலை?” என்றேன். “ஏனக்கா, நீங்கள்தானே தீர்ப்பைத் தந்தனீங்கள்? அதிலை ஆரும் பாவிக்கலாம் எண்டுதானே கிடக்கு?” என்கிறாள். எவ்வளவு வாய்! என்னிடம் பழகின கை! என் வீட்டுப் பாயில் காயவைக்கப் பழகினவள்! இருபது வருடமாக இந்தப் பெயரைக் கட்டிக் காத்தவள் நான், சிரிப்பு அவளுக்கோ?

லோயர் அடைக்கலநாதன் சரிவரமாட்டார். போய்ச் சொன்னால் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குகிறார். எனக்குக் கடிதம் அனுப்பிய அந்த ரொறன்ரோ லோயரின் விலாசத்தை உடனே அனுப்புங்கள். என்ன மாதிரிப் பயப்படுத்தி எழுதினான்! அப்படி ஒருவன்தான் எனக்கு வேண்டும்.

கேதீஸ்வரி


ஸ்காபரோ
3 ஓகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி,

நாங்கள் நலம். மச்சாள் என்னோடு கதைக்கிறாள், உப்பு எங்கே, மருந்து எங்கே என்ற அளவில். ஜெயரூபன் தன் கொம்பனிக்கு வேறு பெயர் தேடுகிறான். என்னிடமும் கேட்டான். எனக்குப் பெயர் வைக்கிற ராசி இல்லை என்றேன்.

லோயரின் விலாசம் என்னிடம் இருக்கிறது. அனுப்பமாட்டேன்.

உன் கடிதத்தைத் திரும்ப ஒருக்கால் நீயே வாசி. நான் வாசித்தபோது சிரிக்கவில்லை, சத்தியமாக. ‘எப்படி மனம் வந்தது’ என்ற உன் கேள்விக்கு ஐந்து கிழமையாக மறுமொழி எழுதத் தெரியாமல் இருந்தேன். இப்போது எனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை.

கமலாவதியிடம் ஒரு பக்கற் ஓடர் பண்ணு. தின்று பார். பிறகு எனக்கு எழுது.

அண்ணை


மருதனார்மடம்
19 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். முழங்கால் திரும்பவும் நோகிறது, அதுவும் ஒரு வகையில் சுகம்தான், பழகின நோவு.

உங்கள் கடிதம் வந்த அன்று உங்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒரு கிழமை எழுதக்கூடாது என்று இருந்தேன். அந்த ஒரு கிழமையும் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த ரொறன்ரோ லோயரின் கடிதத்தை எடுத்து வைத்து, அதைப் பார்த்துக் கமலாவதிக்கு நானே ஒன்று எழுதினேன். பதினாலு நாள் தவணை. ஒப்படைக்காவிட்டால் வழக்கு. ‘வடகம் என்ற பெயர் என்னுடைய உழைப்பால் உண்டானது’ என்று கூட எழுதிவிட்டேன் அண்ணை. எழுதும்போது எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை. எல்லாம் நியாயம் போலவே இருந்தது. கையெழுத்து வைக்கிற இடத்தில்தான் கை நின்றது. உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று இனிமேல் நான் கேட்கமாட்டேன்.

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உங்களில் இருந்த கோபத்தையும் அதோடு விட்டுவிட்டேன். எனக்கு ஒரு அண்ணைதான். விரலால் பொத்தினாலும் அண்ணைதான்.

நீங்கள் சொன்னபடி கமலாவதியிடம் ஒரு பக்கற் ஓடர் பண்ணினேன், பக்கத்து வீட்டுப் பிரியந்தினியின் பெயரில். நேற்று வந்தது. பிழை பிடிக்க வேண்டும் என்று நல்ல பசியோடு இருந்து, எண்ணெயைக் கொதிக்கவைத்துப் பொரித்தேன். வேப்பம்பூ அளவு. உப்பு அளவு. கருகவில்லை, பதமாகப் பொங்கி வந்தது. மூன்று தின்றேன், பிறகு பக்கற் முடியும்வரை தின்றேன்.

நல்லாய்த்தான் இருக்குது அண்ணை. அதுதான் வயிறு எரியுது.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
கேதீஸ்